ஓரச்சு வடமும் புள்ளிப்படமும்: ஒரு குறுக்குவெட்டைக் கணினி எவ்வாறு படிக்கிறது?

‘கோஆக்சியல் கேபிள்’ என்பதற்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று ‘ஓரச்சு வடம்’. மற்றொன்று ‘இணையச்சு வடம்’. இரண்டும் ஒன்றையே குறிப்பதாகக் கொண்டு, கைக்கு வந்ததை எடுத்தாள்வோர் பலர். கலைச்சொல் ஆக்கத்தில் இத்தகைய இரட்டைகள் புதியவை அல்ல; காலப்போக்கில் ஒன்று நிலைக்கும், மற்றொன்று உதிரும் என்று விட்டுவிடுவதே வழக்கம். ஆனால் இந்த இரட்டையை அப்படி விட்டுவிடலாகாது என்பது நம் கருத்து. ‘ஓரச்சு’ என்றால் இரண்டு பொருள்களுக்கும் ஒரே அச்சு. ‘இணையச்சு’ என்பதை, ‘இணைகோடு’ என்று கணிதம் படித்த மாணவன் எப்படிப் பிரிப்பான்? இரண்டு அச்சுகள், ஒன்றையொன்று தொடாமல் அருகருகே செல்பவை. இவ்விரண்டும் வெவ்வேறு வடங்கள். அவற்றிற்கிடையே உள்ள வேறுபாட்டை ஓம் கணக்கில் அளந்து காட்டவும் முடியும். அந்த அளவீட்டைக் கணினியில், வெறும் நான்கு வண்ணங்கள் கொண்ட ஒரு படத்தைக்கொண்டு எவ்வாறு செய்கிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

முதலில் வடத்தைக் காண்போம். வீட்டுக் கூரைமேல் உள்ள தட்டு அலைவாங்கியிலிருந்து தொலைக்காட்சிக்கு இறங்கிவரும் கறுப்பு வடத்தைக் குறுக்கே வெட்டினால், நடுவில் ஒரு செப்புக் கம்பி தெரியும். அதைச் சூழ்ந்து வெண்மையான நெகிழிப் பொருள். அதற்கு வெளியே உலோகப் பின்னலும் மெல்லிய உலோகத் தாளும். எல்லாவற்றிற்கும் மேலே கறுப்பு உறை. உறை வெறும் பாதுகாப்பே. மின்னியலில் பங்குகொள்வன நடுக்கம்பி, நெகிழி, பின்னல் ஆகிய மூன்றும்தான். சைகை என்பது கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே உள்ள அந்த வெண்ணிற வெளியில் மின்புலமாகவும் காந்தப்புலமாகவும் பயணம் செய்கிறது. கம்பிக்குள் நீர்போல ஓடுவதாகச் சொல்லித் தருவது தொடக்கப் பள்ளிக்குப் போதும். இங்கே அந்த உவமை உதவாது.

இந்த வட்டாரத்திற்கும் இவ்வடத்தின் வரலாற்றுக்கும் நேரான உறவு ஒன்று உண்டு. தொடக்ககாலக் கடலடித் தந்தி வடங்களில் செப்பைச் சூழ்ந்திருந்த காப்புப் பொருள் ‘கட்டாபெர்ச்சா’ எனும் மரப்பால். ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பிசின், மரப்பால் என்று பொருள். ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடி வடம், 1866இன் அட்லாண்டிக் வடம், 1871இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்த வடம் ஆகிய யாவற்றையும் கடல்நீரிலிருந்து காத்தது இந்த நிலத்து மரங்களின் பாலே. நடுவில் செப்பு, சுற்றிலும் மரப்பால், அதற்கு வெளியே இரும்புக் கவசமும் கடல்நீரும்: வடிவத்தில் இதுவும் ஓரச்சு வடமே. அதன் மின்தேக்குத்திறன் செப்பின் விட்டத்தையும் மரப்பால் உறையின் விட்டத்தையும் எவ்வாறு பொறுத்திருக்கிறது என்பதை வில்லியம் தாம்சன் 1855இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர் அவரே. 1880இல் ஆலிவர் ஹெவிசைடு இங்கிலாந்தில் ஓரச்சு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். உயர் அதிர்வெண்களுக்கான இன்றைய வடத்திற்கு லாயிட் எஸ்பென்ஷீடும் ஹெர்மன் ஆஃபலும் 1929இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தனர். மரப்பாலின் இடத்தை 1933இல் கண்டுபிடிக்கப்பட்ட பாலிஎத்திலீன் பிற்காலத்தில் பிடித்துக்கொண்டது.

இனி, வடத்தின்மேல் அச்சிட்டிருக்கும் ‘75 ஓம்’ என்பதற்கு வருவோம். இதை ‘75 ஓம் மின்தடை’ என்று மாணவர் எழுதுவதுண்டு. மொழிபெயர்ப்புகளிலும் அவ்வாறு வருவதுண்டு. அது பிழை. மல்டிமீட்டரை எடுத்து நடுக்கம்பியின் இரு முனைகளிலும் வைத்தால், சில மீட்டர் நீள வடத்தில் ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே வைத்தால் எல்லையற்ற தடையைக் காட்டும். 75 எங்கும் வராது. அந்த எண் குறிப்பது, வடத்தின்வழிச் செல்லும் அலையில் மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள விகிதத்தை. வடத்தைப் பத்து மீட்டராக வெட்டினாலும் நூறு மீட்டராக வெட்டினாலும் அது மாறாது. ஆகவே இதைச் ‘சிறப்பியல்பு மின்மறிப்பு’ என்றே எழுத வேண்டும். நீளமான தொடர்தான், ஆயினும் ‘தடை’ என்று சுருக்கினால், வெப்பமாக ஆற்றலை இழக்கும் ஒன்றை மாணவன் எண்ணிக்கொள்வான். இழப்பே இல்லாத வடத்திற்கும் சிறப்பியல்பு மின்மறிப்பு உண்டு.

வட்டத்துக்குள் வட்டம் என்னும் வடிவத்திற்கு இதன் வாய்பாடு எளிது. பின்னலின் உள்விட்டத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, ஈவின் இயல் மடக்கையை 60ஆல் பெருக்க வேண்டும்; இடையில் காற்று அல்லாத பொருள் இருந்தால், அதன் சார்பு விடுதிறனின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். காற்றில் 50 ஓம் வேண்டுமானால் விட்டங்களின் விகிதம் ஏறத்தாழ 2.3; 75 ஓமுக்கு ஏறத்தாழ 3.5. பாலிஎத்திலீனின் சார்பு விடுதிறன் ஏறத்தாழ 2.25, அதன் வர்க்கமூலம் 1.5. எனவே காற்றிடைப்பட்டபோது 75 ஓம் தரும் அதே வடிவம், திண்ம பாலிஎத்திலீனை நிரப்பியவுடன் 50 ஓமாகிவிடும். அலையின் வேகமும் ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும்.

இந்த வாய்பாட்டில் மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். விகிதம் மட்டுமே உண்டு. விரல் தடிமன் வடமும் நூல் தடிமன் வடமும் ஒரே விகிதத்தில் அமைந்தால் ஒரே மின்மறிப்பைப் பெறும். ஒரு படத்தைக்கொண்டு இதைக் கணக்கிட முடிகிறது என்பதற்கு அடிப்படை இதுவே. படத்திற்கு அளவுகோல் தேவையில்லை. வடிவம் சரியாக இருந்தால் போதும்.

வட்டத்திற்குத்தான் வாய்பாடு இருக்கிறதே, படம் எதற்கு என்று கேட்கலாம். பொறியாளர் கையாளும் வடிவங்கள் எல்லாம் வட்டங்கள் அல்ல. சதுரப் பெட்டிக்குள் உருண்டைக் கம்பி, சதுரத்துக்குள் செவ்வகம், மின்சுற்றுப் பலகையின்மேல் தட்டையான செப்புப் பட்டை, பாதி நெகிழியும் பாதிக் காற்றும் நிரம்பிய இடைவெளி எனப் பலவாறு வரும். சிலவற்றிற்கு எளிய வாய்பாடு இல்லை. சிலவற்றிற்குத் தோராயமானவையே உண்டு. எவ்வடிவமானாலும் கணக்கிடும் ஒரு நிரலை டேவிட் கிர்க்பி என்பவர் எழுதி, யாவரும் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார். அதன் பெயர் ‘ஏடிஎல்சி’. அந்நிரலுக்குக் கொடுக்க வேண்டியது வடத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று.

படம் என்றால் எத்தகைய படம்? பிட்மேப் எனப்படும் வகை. ‘புள்ளிப்படம்’ என்று சொல்லலாம். கோலத்தின் புள்ளிகளை நினைத்துக்கொள்ளலாகாது. கோலத்தில் புள்ளி வழிகாட்டி, கோடே உரு. இங்கே கோடு என்பதே கிடையாது. சதுரக் கட்டத் தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே நிறத்தால் நிரப்புவதுபோல், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரே ஒரு வண்ணம் எழுதப்பட்டிருக்கும். அந்நிரலின் இலக்கணத்தில் சிவப்பு என்றால் 1 வோல்ட்டில் உள்ள கடத்தி. பச்சை என்றால் சுழி வோல்ட்டில் உள்ள கடத்தி. நீலம் என்றால் எதிர் 1 வோல்ட்டில் உள்ள கடத்தி; அருகருகே இரண்டு உள்கம்பிகள் இருக்கும் அமைப்புகளில் மட்டும் அது வரும். வெள்ளை என்றால் வெற்றிடம். வேறு எந்த வண்ணமும் ஒரு காப்புப் பொருளைக் குறிக்கும். அவ்வண்ணத்திற்கு எந்தச் சார்பு விடுதிறன் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மொழியியலார் கண்ணுக்கு இது மிகவும் பழக்கமான அமைப்பு. குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் இயற்கையான உறவு ஏதும் இல்லை, உடன்பாடு மட்டுமே. சிவப்பு என்பதால் அங்கே சூடு இல்லை, பச்சை என்பதால் பாதுகாப்பும் இல்லை. ஒலியன்களைப்போல, ஒரு குறி இன்னொரு குறி அன்று என்பதே இங்கு முக்கியம். இயல்மொழிக்கு உள்ள ஒரு வசதி மட்டும் இதற்கு இல்லை. நாம் பேசும்போது ஒலி சற்றுத் திரிந்தாலும் கேட்பவர் சூழலைக்கொண்டு சரிசெய்துகொள்வார். பொருள் அறிவிக்கப்படாத வண்ணம் ஒன்று வந்தால், அதன் விடுதிறன் என்னவென்று நிரலுக்குத் தெரியாது; கணக்கு நடவாது.

இதனால்தான் படத்தைக் கையால் வரைவதைவிட நிரலால் உருவாக்குவது நல்லது. வரைகலை மென்பொருளில் ஒரு சிவப்பு வட்டத்தை வரைந்து பாருங்கள். விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பு கண்ணுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு: சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே இளஞ்சிவப்புப் புள்ளிகளை மென்பொருள் தானாகச் செருகுகிறது. நம் திரையில் ‘ழ’வும் ‘ஞ’வும் வளைவு கெடாமல் தெரிவதும் இதே ஏற்பாட்டால்தான். எழுத்துக்கு அது வரம்; இங்கே கேடு. பாதி உலோகமாகவும் பாதி வெற்றிடமாகவும் இருக்கும் பொருள் உலகில் இல்லை. ஜேபெக் வடிவில் சேமித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்; கோப்பைச் சுருக்குவதற்காக அது விளிம்பருகே உள்ள வண்ணங்களைக் கலக்கிவிடும். கண்ணுக்கு அழகான படம் கணக்குக்கு ஆகாது. விளிம்பு படிக்கட்டுப்போல் உடைந்த, அழகற்ற படமே வேண்டும்.

அத்தகைய படத்தை நிரல் எவ்வாறு எழுதுகிறது? வட்டம் வரைவதற்கு வளைவு எதுவும் தேவைப்படுவதில்லை. பித்தாகரஸ் தேற்றம் போதும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், மையத்திலிருந்து அது எவ்வளவு கிடைத்தூரத்தில், எவ்வளவு செங்குத்துத் தூரத்தில் உள்ளது என்று பார்த்து, இரண்டின் வர்க்கங்களையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை உள்கம்பியின் ஆரத்தின் வர்க்கத்தைவிடக் குறைவானால் சிவப்பு. புறக்கடத்தியின் உள்ளாரத்தின் வர்க்கத்தைவிட மிகுந்தால் பச்சை. இரண்டுக்கும் இடைப்பட்டால் வெள்ளை, அல்லது இடைப்பொருளுக்கு உரிய வண்ணம். மூன்றே வினாக்கள், அவற்றைப் புள்ளிதோறும் கேட்க வேண்டும். 256க்கு 256 என்னும் சிறிய படத்திலேயே 65,536 புள்ளிகள் உள்ளன. ஆயினும் கணினிக்கு இது ஒரு நொடி வேலையும் அன்று. ஏடிஎல்சியுடன் இதற்கென்றே சிறு துணைநிரல்கள் வருகின்றன. ‘வட்டத்துள் வட்டம்’ வரையும் துணைநிரலுக்குப் புறவிட்டம், அகவிட்டம், மையங்களின் விலகல், இடைப்பொருளின் சார்பு விடுதிறன் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். வட்டத்துள் செவ்வகம், செவ்வகத்துள் வட்டம், செவ்வகத்துள் செவ்வகம் ஆகியவற்றுக்கும் தனித்தனித் துணைநிரல்கள் உண்டு.

கணினிப் பாட மாணவர் சொந்தமாக ஒன்றை எழுதிப் பார்க்கலாம். 24 பிட் பிஎம்பி கோப்பில் முதலில் 54 பைட்டு நீளத் தலைப்பு. பிறகு புள்ளிக்கு மூன்று பைட்டு. மேலே சொன்ன படத்திற்கு 1,96,608 பைட்டும் தலைப்பும் சேர்ந்து 1,96,662. வண்ணங்களின் வரிசை சிவப்பு, பச்சை, நீலம் அன்று. நீலம், பச்சை, சிவப்பு. வரிகளும் கீழிருந்து மேலாக எழுதப்படும். இவ்விரண்டையும் மறந்தால் என்ன ஆகும்? சிவப்பு நீலமாகும், படம் தலைகீழாகும். வேடிக்கை என்னவென்றால், எளிய ஓரச்சு வடத்தில் விடை மாறாது: நேர் 1 வோல்ட் எதிர் 1 வோல்ட் ஆனாலும் விகிதம் அதுவே, கவிழ்த்த வட்டமும் வட்டமே. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை மறந்தால் தப்ப முடியாது. ஒவ்வொரு வரியும் 4இன் மடங்கான பைட்டுகளில் முடிய வேண்டும். அகலம் 255 புள்ளிகளானால் வரிக்கு 765 பைட்டு. மூன்று வெற்றுப் பைட்டுகளைச் சேர்த்து 768 ஆக்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட ஒரு புள்ளி நகர்ந்துவிடும், வட்டம் சாய்ந்துபோகும். விடை தவறும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கடத்திப் புள்ளிகளின் மின்னழுத்தம் நமக்குத் தெரியும்: சிவப்பு 1, பச்சை சுழி. வெள்ளைப் புள்ளிகளின் மின்னழுத்தம் தெரியாது. இயற்கை இங்கே பின்பற்றும் விதி வியக்கத்தக்க எளிமை உடையது: ஒரே இடைப்பொருளுக்குள் உள்ள ஒவ்வொரு புள்ளியின் மின்னழுத்தமும், அதன் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரி. லாப்லாசின் சமன்பாட்டைக் கட்டத்தாளுக்கு இறக்கினால் கிடைக்கும் வடிவம் இதுவே. எல்லாப் புள்ளிகளும் ஒரே வேளையில் இவ்விதிக்கு உட்படும் வரை, திரும்பத் திரும்பச் சராசரி எடுத்துக்கொண்டே இருப்பதுதான் நிரலின் வேலை.

வகுப்பில் கரும்பலகையிலேயே செய்து காட்டக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு: ஐந்துக்கு ஐந்து கட்டங்கள். ஓரத்தில் சுற்றிவரும் 16 கட்டங்களும் பச்சை, மதிப்பு சுழி. நட்ட நடுவில் ஒரு கட்டம் சிவப்பு. எளிமைக்காக அதன் மதிப்பை 100 என்று கொள்வோம். மிச்சம் எட்டுக் கட்டங்கள். அவற்றுள் சிவப்பை ஒட்டிய நான்கும் ஒரே மதிப்பைப் பெறும். அவற்றை ‘பக்கம்’ என்போம். மூலைவாட்டில் உள்ள நான்கும் ஒரே மதிப்பைப் பெறும், அவை ‘மூலை’. எல்லாவற்றையும் சுழி என்று தொடங்குவோம். பக்கத்தின் அண்டைகள்: ஒரு சிவப்பு, ஒரு பச்சை, இரண்டு மூலைகள். சராசரி 25. மூலையின் அண்டைகள்: இரண்டு பக்கங்கள், இரண்டு பச்சைகள். சராசரி 12.5. இரண்டாம் சுற்றில் பக்கம் 31.25, மூலை 15.63. மூன்றாம் சுற்றில் பக்கம் 32.81. நான்காம் சுற்றில் 33.20. எங்கே போய் நிற்கும் என்பதை மாணவர் இதற்குள் ஊகித்திருப்பர்: பக்கம் 33.33, மூலை 16.67. சமன்பாடு எழுதித் தீர்த்தாலும் இதே விடை வரும். முதற்சுற்றில் பெருந்தாவல், பிறகு சிறுகச் சிறுக நகர்வு. பெரிய படங்களில் இந்த நகர்வு பொறுமையைச் சோதிக்கும். ஒரு சுற்றில் செய்தி ஒன்றிரண்டு புள்ளி தூரமே பரவுவதால், ஒவ்வொரு முறையும் சராசரியைச் சற்றுத் தாண்டியே குதிக்கும் உத்தியால் நிரல்கள் விரைவு பெறுகின்றன.

அதே தாளிலிருந்து மின்மறிப்பையும் எடுக்கலாம். சிவப்புக் கட்டத்திலிருந்து நான்கு பக்கமும் உள்ள மின்னழுத்த வேறுபாடுகளைக் கூட்டுக: 66.67இன் நான்கு மடங்கு, 266.67. அதை 100ஆல் வகுத்தால் 2.667. வெற்றிடத்தின் அலை மின்மறிப்பு ஏறத்தாழ 377 ஓம், அதை 2.667ஆல் வகுத்தால் ஏறத்தாழ 141 ஓம். இருபத்தைந்து கட்டங்களில் ஒரு வடத்தின் மின்மறிப்பு! கம்பியின் சரியான தடிமன் என்ன என்பதை ஒற்றைக் கட்டத்தால் சொல்ல முடியாது. எனவே இவ்வெண்ணை யாரும் தொழிலுக்குப் பயன்படுத்தமாட்டார்கள். ஆனால் முறை இதுதான். நிரல் இதற்கு மேல் புதிதாக எதையும் அறியாது.

இடைவெளியில் இரண்டு பொருள்கள் இருந்தால் ஒரு வேறுபாடு வரும். பொருள்களின் எல்லையில் உள்ள புள்ளிகளுக்கு வெறும் சராசரி ஆகாது. விடுதிறனுக்கு ஏற்ப நிறை கொடுத்துச் சராசரி எடுக்க வேண்டும். மேலும் கணக்கை இருமுறை ஓட்ட வேண்டும். ஒருமுறை உள்ளது உள்ளபடி. இன்னொருமுறை எல்லாக் காப்புப் பொருளையும் வெள்ளையாக, அதாவது வெற்றிடமாக, எண்ணிக்கொண்டு. காந்தப்புலம் நெகிழியைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே வடத்தின் தூண்டத்தை இரண்டாம் கணக்கு தருகிறது. இரண்டு மின்தேக்குத்திறன்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஒளியின் வேகத்தால் பெருக்கி, அவ்விடையால் 1ஐ வகுத்தால் சிறப்பியல்பு மின்மறிப்பு வந்துவிடும்.

படத்தின் நுண்மை எவ்வளவு வேண்டும் என்பது அடுத்த வினா. புறவிட்டம் 23 புள்ளி, அகவிட்டம் 10 புள்ளி என்று ஒரு படம் வரைந்தால், வாய்பாட்டின்படி 49.9 ஓம். படிக்கட்டு விளிம்பில் ஒரு புள்ளி கூடி அகவிட்டம் 11 ஆகிவிட்டால் 44.2 ஓம். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஆறு ஓம்! அதே வடத்தை 230க்கு 100 என்று வரைந்தால், ஒரு புள்ளிப் பிழைக்கு 0.6 ஓம் மட்டுமே. உள்கம்பி சிறியது என்பதால் பிழையெல்லாம் அங்கேயே திரள்கிறது. புறவிளிம்பில் ஒரு புள்ளி தவறினால் இவ்வளவு பாதிப்பு இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் பிழை குறையும், காத்திருக்கும் நேரம் கூடும்.

இம்முறைக்கு எட்டாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். படத்திற்கு அளவுகோல் தேவையில்லை என்றோம். அதுவே அதன் குறையும் ஆகிறது. அதிர்வெண் மிக உயர்ந்து, அலைநீளம் இரு கடத்திகளுக்கும் நடுவே செல்லும் சராசரி வட்டத்தின் சுற்றளவை ஒட்டி வரும்போது, வடத்துக்குள் வேறு வகை அலைகளும் புகுந்துவிடும். காற்றிடை வடம் 23 மில்லிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்றால் அது ஏறத்தாழ 5.8 கிகாஹெர்ட்சில் நிகழும்; 2.3க்கு 1 மில்லிமீட்டர் என்றால் 58 கிகாஹெர்ட்ஸ் வரை நிகழாது. இரண்டுக்கும் படம் ஒன்றே, மின்மறிப்பும் ஒன்றே. மில்லிமீட்டரை அறியாத படத்தால் இவ்வேறுபாட்டைச் சொல்ல இயலாது. செம்பில் ஏற்படும் இழப்பையும் அது சொல்வதில்லை.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய சொல் வினா. உள்கம்பி நடுவில் இல்லாமல் விலகியிருந்தால் அந்த வடத்தை என்னவென்பது? கம்பியும் பின்னலும் நெடுக ஒரே இடைவெளியில்தான் செல்கின்றன. அச்சுகள் இரண்டு, அவை இணையானவை. ‘இணையச்சு வடம்’ என்னும் பெயருக்கு முழுத் தகுதி உடையது இதுதான். ‘ஓரச்சு’ என்று இதைச் சொல்ல வழியில்லை. தொழிற்சாலையில் நெகிழியைச் சீராக வார்க்கத் தவறினாலும், வடத்தைக் கூர்மையாக வளைத்து ஆணியடித்தாலும், ஓரச்சு வடம் அந்த இடத்தில் இணையச்சு வடமாகிவிடும். ஒருவர் இதைக் குறையாகவும் இன்னொருவர் பொதுப்பெயராகவும் வழங்கினால், பாடநூலில் குழப்பம் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

எவ்வளவு குறை என்பதைப் படம் சொல்லும். 230க்கு 100 புள்ளி என்னும் காற்றிடை வடத்தையே எடுத்துக்கொள்வோம். விலகல் இல்லாதபோது 49.9 ஓம். மையங்கள் 10 புள்ளி விலகினால் 49.4, விலகல் 20 ஆனால் 47.6, விலகல் 40 ஆனால் 39.8. வட்டத்துள் வட்டத்திற்கு விலகலையும் கணக்கில் கொள்ளும் துல்லியமான வாய்பாடு உண்டு. இவ்வெண்கள் அதிலிருந்து பெறப்பட்டவை. நிரலுக்கு அதே படங்களைக் கொடுத்து, விடைகளை இவற்றோடு ஒப்பிடலாம். வாய்பாடு உள்ள வடிவத்தில் நிரலைச் சோதித்துவிட்டு, வாய்பாடு இல்லாத வடிவத்தில் அதை நம்புவது என்பதே இத்துறையினரின் நடைமுறை.

சிறிய விலகலை வடம் பொறுத்துக்கொள்வதையும் பெரிய விலகலில் சரிவு விரைவதையும் மாணவர் வரைபடமாக வரைந்து பார்க்கலாம். முதல் 10 புள்ளிகளுக்கு அரை ஓம் இழப்பு. 20க்கும் 40க்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஓம். காரணம் கட்டத்தாளில் தெரியும்: நெருங்கிய பக்கத்தில் குறுகிய இடைவெளிக்குள் மின்னழுத்தம் முழுவதும் இறங்க வேண்டியிருப்பதால் அங்கே புலம் செறிகிறது, மின்தேக்குத்திறன் கூடுகிறது, மின்மறிப்பு இறங்குகிறது. விலகல் 65 புள்ளியை எட்டும்போது சிவப்பு வட்டம் பச்சையைத் தொட்டுவிடும். வாய்பாடும் அங்கே சுழி என்கிறது. வடம் பொருத்த வரும் பணியாளர் அதைத்தான் ‘ஷார்ட்’ என்பார்.